மியாட்டாவின் கண்ணாடி சுவிட்ச்: துடைப்பதா, மாற்றுவதா, ரிலே போடுவதா?

அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்கப்பட்ட மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையில், கதவுக் கண்ணாடியை மோட்டாரால் ஏற்றி இறக்கும் சுவிட்ச் கதவில் இருக்காது. கியர் லீவருக்குப் பின்னால், நடுக் கன்சோலில், மேல் நோக்கியபடி இரண்டு ராக்கர்களும் (இரு பக்கமும் சாய்த்து அழுத்தும் பித்தான்கள்) ஒரே உறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கூரையைத் திறந்து ஓட்டுவதற்கென்றே செய்த கார் இது. திடீர் மழையின் முதல் துளியும், கப்பிலிருந்து தளும்பும் காபியும், சாலைப் புழுதியும் நேரே அந்த ராக்கர் இடுக்கில்தான் இறங்கும். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி 1997-இல் தயாரிப்பு நின்ற வண்டி என்பதால், இன்று ஓடுவதில் கடைசியாகச் செய்ததற்குக்கூடக் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது.

கோளாறு ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். கண்ணாடி இறங்கும், ஏறத் திணறும். பிறகு ராக்கரை ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினால்தான் வேலை செய்யும். பிறகு இரண்டு மூன்று முறை தட்டினால்தான் அசையும். இந்தக் கட்டத்தில் பலரும் புது சுவிட்ச் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். சுவிட்ச் கருகியிருப்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைக் கருக்கியது பெரும்பாலும் கதவுக்குள் இறுகிப்போன கண்ணாடி. அந்த இறுக்கத்தை விட்டுவிட்டுப் புது சுவிட்ச் போட்டால், அதுவும் அதே வழியில்தான் போகும். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை மல்டிமீட்டர் சொல்லட்டும்.

அரை மணி நேர அளவீடு

முதலில் மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். கதவின் உள்பக்க டோர் பேடைக் கழற்றி, மோட்டார் பிளக்கைப் பிரித்து, மோட்டார் பக்கத்து இரண்டு பின்களுக்கும் 12 வோல்ட் கொடுக்க வேண்டும். இந்தக் காரின் பேட்டரி பின்னால் டிக்கிக்குள் இருக்கிறது. அங்கிருந்து வயர் இழுப்பதைவிடத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியைக் கதவருகே வைத்துக்கொள்வது எளிது. வயரில் 20 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் கண்ணாடி எதிர்த்திசையில் போகும்.

கண்ணாடி முழுதாக ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக்கை மாட்டி, சுவிட்ச் வழியாக ஏற்றி மறுபடி குறியுங்கள். நேரடியில் 4 விநாடி, சுவிட்ச் வழியில் 8 விநாடி என்றால் சிக்கல் சுவிட்சிலோ வயரிலோதான். இரண்டிலும் கண்ணாடி ஒரே மாதிரி நகர்ந்து நகர்ந்து ஏறினால் சுவிட்சைத் தொடாதீர்கள், வேலை கதவுக்குள் இருக்கிறது.

அடுத்தது சுவிட்சின் வோல்டேஜ் இழப்பு. கன்சோலைத் தூக்கி, பிளக் மாட்டியிருக்கும்போதே அதன் பின்பக்கத்திலிருந்து மீட்டர் முனையைச் செருகி அளக்க வேண்டும். ராக்கரை அழுத்தி, கண்ணாடி நகர்ந்துகொண்டிருக்கும்போது எடுத்த அளவுக்குத்தான் மதிப்பு. மோட்டார் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு ராக்கரை அழுத்தினால், எவ்வளவு கருகிய காண்டாக்ட்டும் (சுவிட்சுக்குள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்தைக் கடத்தும் உலோக முனை) 12 வோல்ட் காட்டும். மீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே இழுக்காததால் இழப்பு தெரியாது. இந்த ஒரு தவறால்தான் பலர் ‘சுவிட்சில் சப்ளை வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது’ என்ற முடிவுக்கு வந்து நல்ல மோட்டாரை மாற்றிவிடுகிறார்கள்.

மீட்டரின் ஒரு முனையைச் சப்ளை பின்னிலும் மற்றதை மோட்டாருக்குப் போகும் பின்னிலும் வைத்தால் உள்ளே போகும் வழியின் இழப்பு தெரியும். மோட்டாரின் மற்ற வயருக்கும் எர்த் பின்னுக்கும் இடையே அளந்தால் திரும்பி வரும் வழியின் இழப்பு. ஒவ்வொன்றும் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சுவிட்ச் நல்லது. அரை வோல்ட் தொட்டால் துடைக்க வேண்டிய நேரம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்தக் காண்டாக்ட் கருகிக்கொண்டிருக்கிறது. இறக்கும்போதும் ஏற்றும்போதும் வேறு வேறு காண்டாக்ட்டுகள் வேலை செய்வதால் இரண்டு திசையிலும் அளக்க வேண்டும்.

சுவிட்சில் இழப்பு இல்லை, மோட்டார் பிளக்கில் மட்டும் வோல்டேஜ் குறைகிறது என்றால் கதவுக் கீல் பக்கத்து ரப்பர் குழாயைப் பாருங்கள். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் வயர்கள் மடங்குகின்றன. வெளியே இன்சுலேஷன் நல்லபடியாகவே இருக்கும், உள்ளே செம்பு இழைகள் பாதி அறுந்திருக்கும். கதவை லேசாக அசைத்தபடி ராக்கரை அழுத்தும்போது கண்ணாடி விட்டுவிட்டு ஓடினால் அது இந்த வயர்தான்.

சுவிட்சுக்குள் என்ன நடக்கிறது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைப் புரிந்துகொண்டால் முடிவு எளிதாகிவிடும். சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு வயர்களும் சுவிட்ச் வழியாக எர்த்தில் இருக்கின்றன. ஏற்று என்று அழுத்தினால் ஒரு வயர் மட்டும் எர்த்தை விட்டு 12 வோல்ட் பக்கம் போகும், மற்றது எர்த்திலேயே இருக்கும். இறக்கு என்றால் அப்படியே தலைகீழ். மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் இந்தச் சின்னஞ்சிறு காண்டாக்ட்டுகள் வழியாகத்தான் ஓடுகிறது, நடுவில் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்ச்) எதுவும் இல்லை.

விரலை எடுக்கும் கணத்தில் 12 வோல்ட் பக்கத்துக் காண்டாக்ட் பிரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் மின்னோட்டம் அங்கே ஒரு பொறியாக எரிந்து முடியும். அதனால் பிரித்துப் பார்க்கும்போது சப்ளை பக்கக் காண்டாக்ட்டில் நடுவே சிறு பள்ளமும் சுற்றிலும் கரும்புகை வளையமும் இருக்கும். எர்த் பக்கக் காண்டாக்ட்டில் பள்ளம் அதிகம் இராது. அங்கே இருப்பது மங்கிய பழுப்புப் படலமும், பழைய கிரீஸில் ஒட்டிய புழுதியும்தான். ஒரே சுவிட்சுக்குள் இந்த இரண்டு விதக் கேடும் அருகருகே கிடக்கும். பழுப்புப் படலம் துடைத்தால் போகும். பள்ளம் போகாது.

கணக்கையும் பார்த்துவிடலாம். இறுகிய கண்ணாடியைத் தள்ளும் மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கிறது, காண்டாக்ட்டில் 3 வோல்ட் இழப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 வாட் வெப்பம் அந்தச் சிறு பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இறங்குகிறது. வீட்டில் பயன்படுத்தும் சாதாரண சால்டரிங் அயர்னின் சூடு அது. காண்டாக்ட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இளகி, காண்டாக்ட் இம்மி அளவு கீழே இறங்கும். அழுத்தம் குறையும், இழப்பு கூடும், சூடு இன்னும் கூடும். ராக்கரைச் சாய்த்து அழுத்தினால் மட்டும் வேலை செய்யும் சுவிட்ச் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

திறக்காமல் ஸ்பிரே அடிப்பது

பத்து நிமிட வேலை. ராக்கர் இடுக்கில் குழாய் முனையை நுழைத்து, காண்டாக்ட் கிளீனரை அடித்து, ராக்கரை முப்பது நாற்பது முறை இரு பக்கமும் ஆட்டுவது. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அந்தத் திரவம் தீப்பற்றக் கூடியது, சுவிட்சுக்குள் பொறி பறக்கும். மீண்டும் இணைப்பதற்கு முன் நன்றாக உலர விடுங்கள்.

இதைப் பரிசோதனையாகச் செய்யலாம், தீர்வாக நம்ப முடியாது. ஸ்பிரே அடித்ததும் கண்ணாடி சுறுசுறுப்பாக ஏறினால், அடிப்படைக் காண்டாக்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் கரைந்த அழுக்குக்கு வெளியேற வழியில்லை. திரவம் ஆவியான பிறகு அது உறைக்குள்ளேயே வேறொரு மூலையில் படியும். சில வாரங்களில் பழைய கதை திரும்பும். துருவை இளக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அது விட்டுப்போகும் பிசுக்கில் புழுதி சேரும். சிலிக்கான் ஸ்பிரே அதைவிட மோசம். பொறி பறக்கும் இடத்தில் சிலிக்கான் எரிந்தால் மணல் போன்ற கடினப் படலமாக மாறிக் காண்டாக்ட்டில் படியும், அதன் வழியாக மின்சாரம் போகாது.

பிரித்துத் துடைப்பது

பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே சரியான வழி. அவசரமில்லாத ஒரு பிற்பகல் போதும்.

கியர் குமிழைச் சுழற்றிக் கழற்றி, சாம்பல் கிண்ணத்தை எடுத்து, அதன் கீழும் பின்பக்கப் பெட்டிக்குள்ளும் முன்பக்க ஓரங்களிலும் இருக்கும் ஸ்க்ரூக்களை அவிழ்த்தால் கன்சோல் தூக்க வரும். முழுதாக இழுத்துவிடாதீர்கள். சுவிட்ச் பிளக் இன்னும் வயரோடு கட்டுண்டிருக்கும். கையை உள்ளே விட்டு நாக்கை அழுத்திப் பிளக்கைக் கழற்றிய பிறகு தூக்குங்கள். வயதான பிளாஸ்டிக் ஸ்க்ரூ துளை ஓரத்தில் எளிதில் விரியும் என்பதால் திரும்பப் போடும்போது ஸ்க்ரூவை இறுக்கி முறுக்க வேண்டாம்.

சுவிட்சைப் பிரிப்பதுதான் கவனமான வேலை. ஒரு ஆழமான வெள்ளைத் தட்டில் அல்லது பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டுச் செய்யுங்கள். ராக்கருக்குக் கீழே ஸ்பிரிங் வைத்த சிறு உந்துகோல் இருக்கிறது. உறை பிரிந்ததும் அது துள்ளி ஓடும், கார்பெட்டில் விழுந்தால் கிடைக்காது. ஒவ்வொரு அடுக்கையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீசா போல் சாயும் செம்புத் தகடுகள் ஒன்றுபோலத் தோன்றினாலும், இத்தனை ஆண்டு தேய்மானத்தில் ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு ஏற்பப் பழகியிருக்கும். எது எங்கிருந்து வந்ததோ அதே இடத்தில், அதே முகமாக வைக்க வேண்டும்.

பழைய கிரீஸை ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தோய்த்த பட்ஸால் முழுக்கத் துடையுங்கள். காண்டாக்ட் முகத்துக்கு ஃபைபர் கிளாஸ் பென்சில் நல்லது. இல்லையென்றால் 1500 அல்லது 2000 நம்பர் உப்புத்தாளை மெல்லிய துண்டாக வெட்டி நாலைந்து இழுப்பு. பளபளவென்று ஆகும்வரை தேய்க்க ஆசை வரும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். காண்டாக்ட் முனையில் வெள்ளி இருக்கிறது, அதைத் தேய்த்துச் செம்பை வெளியே கொண்டுவந்தால் சில மாதங்களில் முன்பைவிட வேகமாகக் கருகும். பள்ளம் சமமாகும்வரை தேய்க்கத் தேவையில்லை. சுற்றியுள்ள கரி போய் உலோகம் தெரிந்தால் போதும். திரும்பப் பூட்டும்போது உந்துகோல் நுனியிலும் தகடு சாயும் முதுகிலும் மட்டும் சிலிக்கான் இல்லாத எலக்ட்ரிக்கல் கிரீஸ், குண்டூசித் தலை அளவு. பொறி பறக்கும் முகத்தில் எதுவும் தடவ வேண்டாம்.

மாட்டிய பிறகு மறுபடி வோல்டேஜ் இழப்பை அளங்கள். 0.2-க்குள் வந்துவிட்டால் வேலை முடிந்தது. 0.5-க்கு மேலேயே நின்றாலோ, உறைக்குள் பிளாஸ்டிக் மஞ்சளாக வெந்து காண்டாக்ட் காலைச் சுற்றி உருகியிருந்தாலோ, இன்னொரு முறை துடைப்பதில் பயனில்லை. அந்த உறையின் பிடிப்பு போய்விட்டது.

புது சுவிட்ச், பழைய சுவிட்ச்

உருகிய உறைக்கு மாற்று சுவிட்ச்தான் வழி. கார் உடைக்கும் யார்டிலிருந்து எடுத்த அசல் சுவிட்சா, வேறு தயாரிப்பாளரின் புது சுவிட்சா என்ற கேள்விக்கு, திறந்து பார்க்க முடிந்த பழைய அசலுக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். நடுவே நிற்கும் ராக்கர் ஆடாமல், இரு பக்கமும் ஒரே அழுத்தத்தில் துள்ளித் திரும்பினால் அது நல்ல அறிகுறி. அதையும் பிரித்துத் துடைத்துவிட்டே மாட்ட வேண்டும். அதன் வயதும் உங்கள் சுவிட்சின் வயதும் ஒன்றுதானே. புதிதாக வாங்கினால் பிளக்கின் வடிவத்தையும் பின்களின் எண்ணிக்கையையும் உங்களுடையதோடு வைத்துப் பார்த்து வாங்குங்கள். உருவம் ஒத்திருப்பதை வைத்து அடுத்த தலைமுறைக் காரின் சுவிட்சை வாங்கிவிடாதீர்கள்.

கன்சோலை மூடுவதற்கு முன் பிளக்கை மாட்டி இரண்டு கண்ணாடிகளையும் ஓட்டிப் பாருங்கள். மூடிய பிறகு திசை மாறி ஓடுவதைக் கண்டால் எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி அவிழ்க்க வேண்டும்.

ரிலே

பலரும் இதை இறுதித் தீர்வு என்று சொல்வார்கள். உண்மையிலேயே நல்ல யோசனை, ஆனால் எல்லாருக்கும் தேவையானது அல்ல. ஒரு கண்ணாடிக்கு இரண்டு என நான்கு ரிலேக்கள் வேண்டும், ஐந்து பின் கொண்ட சாதாரண கார் ரிலே. ஒவ்வொன்றிலும் 30-ஆம் பின் மோட்டார் வயருக்கு, 87ஏ எர்த்துக்கு, 87 ஃபியூஸ் போட்ட 12 வோல்ட்டுக்கு. சுவிட்சின் பழைய வெளியீடு 86-க்கு, 85 எர்த்துக்கு. இரண்டு ரிலேயும் சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரு வயர்களும் 87ஏ வழியாக எர்த்தில் இருக்கும். அதனால் விரலை எடுத்ததும் கண்ணாடி டக்கென்று நிற்கும் பழைய குணம் மாறாது. 87ஏ-வை எர்த் செய்ய மறந்தால் கண்ணாடி நகரவே நகராது. முதல் முறை செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

மின்சாரத்தைச் சுவிட்சின் பழைய சப்ளை வயரிலிருந்து எடுத்தால் வேலை சுருக்கம். டிக்கியிலுள்ள பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் தனியாக இழுத்தால் மோட்டாருக்கு முழு வோல்டேஜ் கிடைக்கும். அப்படி இழுத்தால் ஃபியூஸ் பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். காருக்குள்ளே இருக்கும் முனையில் வைத்த ஃபியூஸ், நடுவில் வயர் காரின் உலோக உடம்பில் உரசி ஷார்ட்டானால் ஒன்றும் காப்பாற்றாது. காயிலின் (85, 86 பின்களுக்கு நடுவே ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) குறுக்கே ரெசிஸ்டர் உள்ள ரிலேயாக வாங்குங்கள். உள்ளே டயோடு இருந்தால் 86-க்குப் பிளஸ்தான் போக வேண்டும், மாற்றிக் கொடுத்தால் டயோடு எரியும்.

ரிலே போட்டபின் சுவிட்ச் சுமப்பது காயில் இழுக்கும் மின்னோட்டம் மட்டும், ஏறக்குறைய 0.15 ஆம்பியர். பொறி அடங்கிவிடும். ஆனால் இதில் ஒரு எதிர்ப்பக்கம் உண்டு. பெரிய மின்னோட்டத்துக்காகச் செய்த காண்டாக்ட்டில் பெரிய மின்னோட்டம் ஓடும்போது மெல்லிய படலத்தை அதுவே எரித்துத் தள்ளிவிடும். 0.15 ஆம்பியருக்கு அந்த வலு இல்லை. அழுக்குச் சுவிட்சின் மேல் அப்படியே ரிலே போட்டவர்கள், முன்பு மெதுவாக ஏறிய கண்ணாடி இப்போது சில சமயம் அசையவே மறுக்கிறது என்று குழம்புவது இதனால்தான். துடைத்த சுவிட்சுக்குத்தான் ரிலே பயன் தரும்.

சுவிட்ச் துடைத்தாகிவிட்டது, கண்ணாடி கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகிறது, இருந்தும் வயர் இழப்பால் மோட்டாருக்கு 10 வோல்ட்டுக்குக் கீழேதான் வருகிறது என்றால் ரிலே போடுங்கள். கிடைப்பதற்கரிய அசல் சுவிட்சைப் பல வருடம் காப்பாற்ற வேண்டும் என்றாலும் போடலாம். மற்றபடி அந்த ஒரு நாள் உழைப்பைக் கதவுக்குள் செலவிடுவதே மேல்.

கதவுக்குள் வேலை

டோர் பேடைக் கழற்றி, அதன் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் மெதுவாக உரியுங்கள். அந்தத் தாள் கதவுக்குள் வழியும் மழைநீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது. இந்தக் காரில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின் கேபிள் வகை. தண்டவாளத்தில் இருக்கும் பழைய கிரீஸ் மெழுகு போல் கெட்டியாகி, நகத்தால் சுரண்டினால் சுருளாக வரும். அதன் மேலேயே புது கிரீஸைத் தடவக் கூடாது. முழுக்கச் சுரண்டி, துணியில் பெட்ரோலியக் கரைப்பான் தோய்த்துத் துடைத்து, பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ்களில் விரிசல் இருந்தால் மாற்றுங்கள். ஒன்று உடைந்தாலும் கண்ணாடி கோணலாகி, பீடிங்கில் சிக்கி, மோட்டாரைத் திணறடிக்கும்.

கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங்கின் உள்பள்ளத்தை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே அடிக்கலாம். சிலிக்கானுக்கு உரிய இடம் இதுதான். கேபிள் இழைகளில் ஒன்றிரண்டு அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் மெஷினையே மாற்றிவிடுங்கள். கிரீஸ் போட்டு ஓட்டினால் சில மாதங்களில் கேபிள் சுருண்டு, கண்ணாடி கதவுக்குள் விழும்.

எளிய மாடல்களில் இதே கார் கையால் சுழற்றும் கண்ணாடியோடும் வந்தது. அந்த மெஷினை இரண்டு கதவுக்கும் வாங்கிப் போட்டு, சுவிட்ச், மோட்டார், வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோரும் உண்டு. எடை குறையும், கோளாறும் தீரும். பந்தயத் தளத்துக்காக மட்டும் வைத்திருக்கும் காருக்கு இதைத் தாராளமாகச் செய்யலாம். தெருவில் ஓடும் காருக்கு நான் சொல்ல மாட்டேன். ஓட்டிக்கொண்டே எதிர்ப்பக்கக் கண்ணாடியை ஏற்ற முடியாது, டோர் பேடில் கைப்பிடிக்குத் துளையிட்டபின் பழைய நிலைக்குத் திரும்பவும் முடியாது.

எந்த வழியில் போனாலும், கண்ணாடி மேல் முனையைத் தொட்ட கணமே விரலை எடுக்கப் பழகுங்கள். முட்டி நிற்கும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அந்த நிலையில் ராக்கரை விட்டால், ஒரு நாள் முழுக்க ஏற்றி இறக்கியதில் பறக்காத பெரிய பொறி அந்த ஒரு கணத்தில் பறக்கும். காண்டாக்ட்டின் நடுவில் தெரியும் பள்ளத்தில் பெரும்பகுதி அந்தக் கூடுதல் அரை விநாடி அழுத்தத்தால் விழுந்ததுதான்.